உளி படாத கல், கை படாத கல்

செதுக்காத, வனையாத, வண்ணம் பூசாத ஒரு பொருளை எப்படிக் கலைப்பொருள் என்று சொல்வது? சுயிசெகியைப் பற்றிக் கேள்விப்படும் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆற்றிலோ மலைச்சரிவிலோ கிடந்த ஒரு கல்லை எடுத்து வந்து, கழுவி, அதற்கென்றே செய்த மரப் பீடத்திலோ மணல் பரப்பிய தட்டிலோ இருத்தி, எதிரே அமர்ந்து நெடுநேரம் பார்ப்பது ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் பழக்கம். கல் பெரும்பாலும் இரு கைகளால் தூக்கக்கூடிய அளவில் இருக்கும். உள்ளங்கையில் அடங்குவதும் உண்டு. அதில் ஒரு மலைத்தொடரோ, அருவியோ, கடலோரப் பாறையோ தெரிய வேண்டும். தெரிய வைப்பதற்காக மனிதன் அதில் உளி வைத்திருக்கக் கூடாது. இலக்கணம் இவ்வளவுதான். வேலை நிமித்தமாகச் சைத்தாமா மாநிலத்தில் வாழும் எனக்கு, ஓமியாவில் இருக்கும் போன்சாய் அருங்காட்சியகம் விடுமுறை நாளில் எளிதாகப் போய்வரக்கூடிய தொலைவு என்பதால், மரங்களைப் பார்க்கப் போய்க் கற்களின் முன்னால் நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. பார்த்தும் கேட்டும் படித்தும் எனக்குத் தோன்றியிருப்பது அந்த இலக்கணத்துக்குச் சற்று விலகியது. சுயிசெகியைக் கண்டெடுக்கும் கலை என்று சொல்வதைவிட வைத்துக் காப்பாற்றும் கலை என்று சொல்வதே பொருத்தம். கண்டெடுப்பது ஒரு பகல் வேலை. அதற்குப் பிறகு அந்தக் கல்லுக்கு மனிதர்கள் செய்வதெல்லாம் பல தலைமுறை வேலை.

கல்லை மதிப்பிடுகிறவர்கள் வடிவம், தன்மை, நிறம் என்ற மூன்றையும் பார்க்கிறார்கள். நிறத்தில் கருமைக்கே முதலிடம். அடர்ந்த சாம்பல், கரும்பச்சை, கருஞ்சிவப்பு ஆகியவையும் ஏற்கப்படும். பளிச்சென்ற நிறம் கண்ணை மேற்பரப்பிலேயே நிறுத்திவிடும், தொலைவைக் காட்டாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். தன்மை என்பது கல்லின் கடினமும் அதன் தோலும் சேர்ந்தது. மென்மையான கல் விளிம்புகளை இழந்து உருண்டுவிடும். கடினமான கல்லோ ஆற்றில் எவ்வளவு காலம் உருண்டாலும் முகட்டை விட்டுக்கொடுக்காது. வடிவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடிவில்லை. அருவிக் கல், குளக் கல், தீவுக் கல், படித்திட்டுக் கல், ஓலைக்குடில் கல், படகுக் கல் என்று வகைகள் நீண்டுகொண்டே போகும். பட்டியல்கள் எனக்கு அலுப்புத் தருபவை. ஆனால் எல்லாவற்றுக்கும் தலையாயதாகக் கருதப்படும் தொலைமலைக் கல்லை மட்டும் நின்று பார்த்தாக வேண்டும்.

ஒரு நல்ல தொலைமலைக் கல்லுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று உண்டு. முழங்கை நீளமுள்ள ஒரு கருங்கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் உச்சி நடுவில் இருக்காது. இடப்புறமாகவோ வலப்புறமாகவோ சற்று ஒதுங்கி நிற்கும். உச்சியிலிருந்து ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கி உடனே தரையைத் தொடும். மறுபக்கம் நீண்ட சரிவாக இறங்கி, நடுவில் இரண்டாவது முகடாக ஒருமுறை எழுந்து, பிறகு மெல்ல அடங்கும். இரு முனைகளும் பார்ப்பவரை நோக்கிச் சிறிது முன்வந்திருக்க வேண்டும். அப்போதுதான் மலையடிவாரத்தின் மடியில் ஒரு சமவெளி இருப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். உச்சி பின்னால் சாய்ந்தால் மலை நம்மைவிட்டு விலகி நிற்கிறது என்பார்கள். நம் பக்கம் இம்மியளவு குனிந்திருந்தால் அதுவே சிறப்பு. இத்தனையும் ஒரு கல்லில் தற்செயலாக அமைந்து, அடிப்பாகமும் தட்டையாக இருந்து, எந்தப் பக்கமும் உடைந்திராமல் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் சச்சரவுக்கு அதுவே வேர்.

இந்த ரசனை ஜப்பானில் பிறந்ததில்லை. சீனத்தில் தாங் அரசமரபுக் காலத்திலேயே தாய்ஹு ஏரியின் துளைபட்ட சுண்ணாம்புக் கற்களுக்குப் பித்துப் பிடித்திருந்தது. அமைச்சர் நியு செங்ரு தம் கற்களை அளவின்படி நான்கு தரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் தரத்தைப் பொறித்து வைத்திருந்ததை, அவருடைய நண்பரான கவிஞர் பாய் ஜுயீ 843ஆம் ஆண்டில் எழுதி வைத்திருக்கிறார். சோங் காலத்து ஓவியர் மி ஃபூ, பதவியேற்கச் சென்ற ஊரில் ஒரு விசித்திரமான பாறையைக் கண்டு, அரசு உடையை உடுத்திக்கொண்டு வணங்கி, மூத்தவரே என்று அழைத்த கதை சீன ஓவியங்களில் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரையப்பட்டிருக்கிறது. பேரரசர் ஹுவேய்சோங்கின் பித்து இவ்வளவு தீங்கற்றதாக இருக்கவில்லை. 1117இல் தொடங்கித் தலைநகர் காய்ஃபெங்கில் அவர் எழுப்பிய செயற்கை மலைக்காகத் தென்னாட்டிலிருந்து பாறைகள் படகு படகாக வந்தன. வழியில் பாலங்களை இடித்துப் பாறைகளுக்கு வழிவிட்டார்கள். பொறுக்க மாட்டாத மக்கள் 1120இல் கிளர்ந்தெழுந்தார்கள். ஏழாண்டுகள் கழித்து வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் படையிடம் நகரமே வீழ்ந்தது. முற்றுகையின்போது அந்த அரிய பாறைகளையே உடைத்துக் கவண் பொறிகளில் வைத்து எறிந்தார்கள் என்று வரலாறு குறிக்கிறது. கல்லை ரசிப்பவர்கள் அனைவரும் சாதுக்கள் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

சீனர் விரும்பிய கல் மெலிந்திருக்க வேண்டும், சுருக்கங்கள் வேண்டும், ஊடே ஓட்டைகளும் கால்வாய்களும் வேண்டும். அது பெரும்பாலும் செங்குத்தாக நிற்கும், பார்த்தவுடன் வியக்க வைக்கும். ஜப்பானியர் அதைக் கற்றுக்கொண்டார்கள். நெடுங்காலம் சீனக் கற்களையே போற்றினார்கள். பிறகு தங்களுக்கு வேண்டியது அதுவன்று என்று மெதுவாகக் கண்டுகொண்டார்கள். கிடையாகக் கிடக்கும் கல், அதிகம் பேசாத கல், ஒரு முகட்டையும் ஒரு சரிவையும் மட்டும் காட்டிவிட்டு மற்றதைப் பார்ப்பவரிடம் விட்டுவிடும் கல் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. இதன் தொடக்கத்தை 612ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோய் வைக்கும் கட்டுரைகள் நிறைய உண்டு. பேரரசி சுய்கோவுக்கு அந்த ஆண்டில் கற்கள் பரிசாக வந்ததாக அவை சொல்லும். பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷொகியின் அந்த ஆண்டுக் குறிப்பில் இருப்பதோ வேறு. கொரியாவின் பழைய பேக்ஜே நாட்டிலிருந்து வந்த ஒருவர் அரண்மனைத் தோட்டத்தில் சுமேரு மலையின் உருவையும் ஒரு பாலத்தையும் அமைத்தார் என்பதே அங்குள்ள செய்தி. நமக்கும் தெரிந்த அந்த மேரு மலை அவ்வளவு தூரம் போயிருப்பது மகிழ்ச்சிக்குரியதுதான் என்றாலும், அதை வைத்துச் சுயிசெகிக்கு ஆயிரத்து நானூறு ஆண்டு வயது சொல்வது மிகை என்பது என் எண்ணம்.

நம்பகமான தடம் 14ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. 1309இல் தீட்டப்பட்ட கசுகா கோயிலின் ஓவியச் சுருளில் கற்களும் செடிகளும் வைத்த தட்டு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஏறத்தாழ அதே காலத்தில் வாழ்ந்த ஸென் துறவி கோகான் ஷிரென், சிறுவர்களை விட்டுச் சுவரோரத்துக் கற்களைப் பொறுக்கச் சொல்லி, அழுக்கைத் துலக்கிக் கழுவி, பச்சை மெருகு பூசிய தட்டில் வெண்மணல் பரப்பி அவற்றை இருத்தியதாகவும், அந்தக் காட்சி வெப்பத்தைத் தணித்ததாகவும் எழுதியிருக்கிறார். இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தூரத்து ஆறு, அரிய பாறை என்ற எதுவும் அங்கே கிடையாது, சுவரோரத்துக் கற்கள்தான். கழுவியதும், மணல் பரப்பியதும், இருத்தியதும் அவற்றை வேறொன்றாக்கியிருக்கின்றன.

அதே நூற்றாண்டைச் சேர்ந்த பேரரசர் கோ-தாய்கோ தம்மோடு எங்கும் கொண்டுசென்றதாக மரபு சொல்லும் கல் ஒன்று நகோயாவின் தோக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1332இல் ஓக்கித் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டவர்; தப்பி வந்து ஆட்சியைப் பிடித்தவர்; மறுபடி இழந்து யோஷினோ மலைக்குள் ஓடியவர். அவருடைய கல்லுக்குக் கனவின் மிதவைப் பாலம் என்று பெயர். பழம்பெரும் ஜப்பானியப் புதினமான கெஞ்சியின் கதையுடைய கடைசி அத்தியாயத்தின் பெயர் அது. சீனத்திலிருந்து வந்ததாகக் கருதப்படும் அந்தக் கல், நீண்டு தாழ்ந்த, பார்வைக்கு எளிமையான ஒன்று. பின்னாளில் தோக்குகாவா குடும்பத்தின் உடைமையாயிற்று. கியோத்தோவின் நிஷி ஹொங்கான்ஜி கோயிலில் உள்ள இன்னொரு கல்லின் பெயர் சுயே நோ மத்சுயாமா. போர்த்தலைவர் ஓதா நொபுனாகா, தம்மை எதிர்த்துப் பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த ஹொங்கான்ஜி பௌத்தர்களின் கோட்டையை 1580இல் பெற்றுக்கொண்டபோது இந்தக் கல்லைக் கொடுத்தார் என்பது வழிவழிக் கதை. கதை உண்மையோ பொய்யோ, ஒரு கோட்டைக்கு ஈடாக ஒரு கல்லைக் கற்பனை செய்ய அந்தக் காலத்தவருக்கு முடிந்திருக்கிறது.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு சிறு விலகல். சுயே நோ மத்சுயாமா என்பது வடகிழக்கில் தாகாஜோ நகரத்திலுள்ள பைன் மரக் குன்று. உன்னை மறந்து வேறொருவரை நாடினால் அலைகள் அந்தக் குன்றைத் தாண்டட்டும் என்று பழங்கவிதையில் காதலர் சூளுரைப்பார்கள். அதாவது ஒருபோதும் நடக்காது என்று பொருள். 869ஆம் ஆண்டின் பெரும் ஆழிப்பேரலையின் நினைவு அந்தக் கவிதையில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2011 மார்ச்சில் தாகாஜோவின் தெருக்களுக்குள் கடல் புகுந்தது, குன்றைத் தாண்டவில்லை. இப்படி ஒரு பெயரைச் சுமக்கும்போது கல்லின் வடிவம் மட்டுமே பார்வைக்கு வருவதில்லை. பெயரிட்டவர் கல்லில் எதையும் மாற்றவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டபின் பழைய கண்ணோடு அதைப் பார்க்க யாராலும் முடியாது.

எடோ எனப்படும் தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் (17–19ஆம் நூற்றாண்டுகள்) இந்தப் பித்து அரண்மனையையும் கோயிலையும் விட்டுக் கற்றவர்களிடமும் வணிகர்களிடமும் இறங்கி வந்தது. பிவா ஏரிக்கரையில் வாழ்ந்த கிஉச்சி செகிதெய் 18ஆம் நூற்றாண்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களைச் சேர்த்தார். அவற்றுள் புதைபடிவங்களும் கற்காலக் கருவிகளும் கலந்திருந்ததால் ஜப்பானியத் தொல்லியலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் அவரைக் குறிப்பிடுகிறார்கள். வரலாற்றாசிரியரும் கவிஞருமான ராய் சான்யோ (1780–1832) கியோத்தோவில் காமோ ஆற்றங்கரையிலேயே வீடு கட்டிக்கொண்டவர், கல் பிரியர். இன்று நாம் காணும் வடிவில், சங்கமும் கண்காட்சியும் விலையும் உள்ள பொழுதுபோக்காகச் சுயிசெகி பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1961இல் தோக்கியோ நிஹோன்பாஷியிலுள்ள மித்சுகோஷி பல்பொருள் அங்காடியில் தேர்ந்த கற்களின் முதல் கண்காட்சி நடந்தது. 1964 ஒலிம்பிக்கின்போது ஹிபியா பூங்காவிலும், 1970 ஒசாகா உலகக் கண்காட்சியிலும் போன்சாயோடு சேர்த்துக் கற்களும் வெளிநாட்டவர் முன் வைக்கப்பட்டன. கையில் காசு சேரத் தொடங்கிய ஒரு நடுத்தர வர்க்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறுகளுக்குள் இறங்கியது. பேரார்வம் என்று அதைச் சொல்லலாம், சூறை என்றும் சொல்லலாம். ஆற்றின் பக்கம் நின்று பார்க்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தது.

எந்த ஆறு என்பது சுயிசெகியில் ஒரு கல்லின் குலப்பெயரைப் போன்றது. கியோத்தோவின் வடக்கு மலைகளிலிருந்து இறங்கும் காமோ, கிபுனே, குராமா ஓடைகளின் கற்களுக்குத் தனி மதிப்பு. அந்த மலைகள் ஜுராசிக் காலத்தில் கடற்தளம் கண்டத்தின் அடியில் செருகியபோது சுரண்டி ஒட்டப்பட்ட பாறைகளால் ஆனவை. எரிமலைச் சாம்பல் இறுகிய பச்சைப்பாறை, சில்லுப்பாறை, களிப்பாறை என எல்லாம் கலந்து கசங்கிக் கிடக்கின்றன. ஒரே கல்லுக்குள் கடினமும் மென்மையும் அடுக்கடுக்காக இருப்பதால், நீரும் மணலும் மென்மையை அரித்துவிட்டுக் கடினத்தை முகடாக நிறுத்துகின்றன. மலைத்தொடர் உருவாகும் அதே முறையில்தான் அதன் சிற்றுருவும் உருவாகிறது என்பதால், கல் மலையைப் போலத் தோன்றுவதில் தற்செயலுக்கு நாம் நினைப்பதைவிடக் குறைந்த பங்கே இருக்கிறது. பிவா ஏரியிலிருந்து இயற்கையாக வெளியேறும் ஒரே ஆறான செதாவின் கற்களில் கருமையும் மஞ்சளும் மாறி மாறி ஓடும் புலிவரிக் கல் புகழ்பெற்றது. ஹொக்காய்தோவில் இஷிகாரி ஆறு குடைந்து செல்லும் கமுய்கோத்தான் பள்ளத்தாக்கின் கற்கள் பூமியின் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருமாறியவை. கரும்பச்சையாகவும் இழைத்ததுபோல வழவழப்பாகவும் இருக்கும். சாதோ தீவின் சிவந்த கல்லை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சிவப்பு முந்திக்கொண்டு பேசிவிடுகிறது.

இனி, கல் வீட்டுக்கு வந்தபின் நடப்பதைச் சொல்ல வேண்டும். ஆற்றிலிருந்து எடுத்தவுடன் அது காட்சிக்கு உரியதாவதில்லை. தேய்த்துக் கழுவி, வீட்டு முற்றத்தில் அல்லது மாடியில் பலகை மீது வைத்து, வெயிலும் மழையும் பட விட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இதற்கு யோசெகி என்று பெயர். கல்லை வளர்ப்பது என்றே அவர்கள் சொல்வார்கள். அவ்வப்போது திருப்பி வைக்கிறார்கள், ஒரே பக்கம் வெயில் தின்னாதபடி. ஆண்டுகள் போகப் போக வெட்டவெளியில் புதிதாகத் தெரிந்த கீறல்கள் மங்கும், மேற்பரப்பின் வறட்டுத் தன்மை அடங்கும், நிறம் உள்ளிருந்து கனக்கும். எண்ணெய் பூசி ஒரே மாலையில் அந்தக் கருமையைக் கொண்டுவந்துவிடலாம்தான். ஆனால் எண்ணெய் நுண்துளைகளை அடைத்து நீரை உள்ளே விடாது. அதன் பளபளப்பு ஒரே சீராக இருக்கும். பழகிய கண் அறைக்குள் நுழையும்போதே கண்டுகொள்ளும். கையால் தடவுவது மட்டும் அனுமதிக்கப்பட்ட பூச்சு. மூன்று பேரிடம் கைமாறி, மூவரும் தடவிய கல் எந்த ஆற்றிலும் கிடைக்காது. மரத்தை வளர்ப்பவன் சாவதற்குள் பலனைப் பார்த்துவிடலாம், கல்லை வளர்ப்பவன் பார்க்க முடியாது என்று ஒரு முதியவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். போன்சாய்க்காரர்களைச் சீண்டுவதற்காகச் சொன்னதுதான்.

அடுத்தது பீடம். தாய்ஸா எனப்படும் இந்த மரப் பீடம் ஒரு கல்லுக்கென்றே செதுக்கப்படுவது. வேறு கல் அதில் உட்காராது. கருங்காலி, ஈட்டி வகை மரங்கள், அக்ரூட் மரம் போன்ற இறுக்கமான மரத்தை எடுத்து, கல்லை அதன் மேல் நிறுத்தி விளிம்பைக் கோடு போட்டுக்கொண்டு, உள்ளே குடையத் தொடங்குகிறார்கள். கடினமான கட்டம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கல்லின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும்; மரக்குழி அதன் எதிர்வார்ப்பாக அமைய வேண்டும். கல்லின் அடியில் நிறத்தூள் தடவிக் குழிக்குள் இறக்கி எடுத்தால் முட்டும் இடங்களில் மட்டும் நிறம் ஒட்டும்; பல் மருத்துவர் புதுப் பல்லை வைத்துவிட்டு வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வாரே, அதே உத்தி. ஒட்டிய இடத்தைச் சுரண்டி, மறுபடி இறக்கி, மறுபடி சுரண்டி, கடைசியில் கல் ஆடாமல் அசையாமல் ஓசையின்றி உட்காரும் வரை இது நடக்கும். கால்களைக் கண்ட இடத்தில் வைத்துவிட முடியாது. கல்லின் கனம் இறங்கும் இடங்களுக்கு நேர் கீழே, முகடுகளுக்கு அடியில் அவை வர வேண்டும். மேல் விளிம்பின் தடிப்பு சிறிது கூடினாலும் மலை பெட்டிக்குள் இருப்பதாகத் தோன்றும். குறைந்தாலோ மலை மேசை மேல் கிடப்பதாகத் தோன்றும். நன்றாக அமைந்த பீடத்தை யாரும் கவனிப்பதில்லை. நான் பார்த்த கற்கள் சிலவற்றில் கல்லைவிடப் பீடத்தின் வேலைப்பாடு மேலாக இருந்தது. அது கல்லுக்கு அழகில்லை.

கோடையில் பீடத்தை விட்டுத் தட்டுக்கு மாறுகிறார்கள். சுயிபான் என்பது தாழ்ந்த விளிம்புள்ள, அடியில் துளையில்லாத சுட்டமண் தட்டு. பழம்பெருமை உள்ள கற்களுக்கு வெண்கலத் தட்டும் உண்டு. சலித்தெடுத்த மணலை நிரப்பிச் சமன்செய்து, கல்லை நடுவிலிருந்து ஒதுக்கி, அதன் நீண்ட சரிவு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அதிக வெளி இருக்கும்படி அமர்த்துகிறார்கள். பிறகு தண்ணீர் தெளிப்பார்கள். அந்த நேரத்தில் அருகே இருப்பதற்காகவே கண்காட்சிக்குக் காலையில் போகலாம் என்பேன். நனைந்த கல் முழுவதும் ஒரே கருமையாக இருக்கும். அடுத்த கால்மணி நேரத்தில் முகடுகள் முதலில் உலர்ந்து சாம்பல் நிறத்துக்கு வரும், சரிவுகள் திட்டுத் திட்டாக வெளுக்கும், பள்ளங்களில் மட்டும் ஈரம் தங்கும். மழை விட்ட மலையைப் பார்க்கிறோம் என்று கண் நம்பிவிடுகிறது. சந்திரன் உள்ள ஓவியச் சுருளோ, ஒரு பறவை பறக்கும் சுருளோ பின்னால் தொங்கலாம். மலை வரைந்த சுருள் மட்டும் தொங்கக் கூடாது, கல் ஏற்கெனவே மலையாக இருப்பதால்.

காட்சி முடிந்ததும் கல் பெட்டிக்குள் போகிறது. கிரி மரத்தாலான எடை குறைந்த பெட்டி. அதன் மூடியில் கல்லின் பெயர், அது வந்த இடம், எழுதியவரின் கையொப்பம், முத்திரை. சீன அமைச்சர் கல்லின் மீதே பொறித்ததை ஜப்பானியர் பெரும்பாலும் பெட்டிக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி தொலைந்தால் கல்லின் பாதி தொலைந்ததாகவே விற்பவர்களும் வாங்குபவர்களும் நடந்துகொள்கிறார்கள். கல் அதே கல்தான். ஆனால் யாரிடம் இருந்தது, யார் என்ன பெயரிட்டார், எந்தக் கண்காட்சியில் நின்றது என்ற சரடு அறுந்துவிடுகிறது. கண்டெடுப்பதே இந்தக் கலை என்றால் பெட்டிக்கு இவ்வளவு மதிப்பு எப்படி வரும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, மனிதக் கை படாத கல் என்ற பேச்சுக்கு வருவோம். தட்டையான அடிப்பாகம் உள்ள தொலைமலைக் கல் மிகமிக அரிது என்று முன்பே சொன்னேன். அறுபதுகளின் மோகத்தில் வாங்குபவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தபோது, மேலே அழகாகவும் கீழே கோணலாகவும் இருந்த கற்களின் அடியை அறுத்துத் தட்டையாக்குவது பரவலாக நடந்தது. அறுத்த பகுதியைப் பீடம் மறைக்கும், மணலும் மறைக்கும். வாகாயாமாவில் தானாபே அருகே மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுக்கப்படும் ஃபுருயா கற்கள், கூரிய முகடுகளும் அருவியாகத் தோன்றும் வெண்சுண்ணாம்பு நரம்புகளும் கொண்டு, சுயிசெகியின் புகழ்பெற்ற படங்களில் இடம்பெறுபவை. அவற்றில் அடி அறுக்கப்பட்டவை ஏராளம். கிஃபுவின் நேயோ பள்ளத்தாக்கில் கிடைக்கும் சாமந்திக் கல்லின் நிலை இன்னும் வெளிப்படையானது. பாறைக்குள் கதிர்க்கதிராக விரிந்த படிகங்கள் சாமந்திப் பூக்களாகத் தெரிவதற்கு, மேற்பரப்பை நீக்கி மெருகேற்றியே ஆக வேண்டும். அந்தப் பாறைத் திட்டு 1952இல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டுக் காக்கப்படுகிறது; பல வீடுகளில் கலைப்பொருள் வைக்கும் தோகோனோமா மாடங்களில் மெருகேறிய பூக்கள் இருக்கின்றன.

வெட்டிய கல்லைக் கல்லாகவே மதிக்காதவர்கள் உண்டு. அடியில் ஒரே வெட்டு என்றால் மன்னிக்கலாம், முகட்டைத் தொட்டால் கூடாது என்று சமரசம் செய்பவர்களும் உண்டு. என் நிலைப்பாடு இரண்டுக்கும் வெளியே இருக்கிறது. கழுவுவதும், நாற்பது ஆண்டுகள் நீரூற்றுவதும், கையால் மெருகேற்றுவதும், முன்பக்கம் எது என்று தீர்மானிப்பதும், குழி குடைந்து உட்கார வைப்பதும், கவிதையிலிருந்து பெயர் எடுத்துச் சூட்டுவதும் மனிதக் கை இல்லையா? வெட்டு இவற்றோடு சேர்ந்த இன்னொரு செயல்; மோசமான செயலாகவே இருக்கலாம், மீட்க முடியாததும்கூட. மற்றச் செயல்களைப் பெட்டியின் மூடியில் பெருமையோடு எழுதிவிட்டு இந்த ஒன்றை மட்டும் மணலுக்கடியில் புதைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இயற்கை இயற்கை என்று உரக்கச் சொல்லச் சொல்ல, மறைப்பதற்கான தேவையும் வளர்ந்திருக்கிறது.

இன்று ஆற்றிலிருந்து புதிதாக வரும் கற்கள் குறைவு. 1964இல் இயற்றப்பட்ட ஆறுகள் சட்டத்தின்படி ஆற்றுப் பகுதியில் மண்ணும் கல்லும் எடுக்க ஆற்றை நிர்வகிப்பவரின் அனுமதி வேண்டும். தேசியப் பூங்காக்களின் சிறப்புப் பகுதிகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. மேலிருந்து கற்களை உருட்டி வந்த வெள்ளங்களை அணைகள் தடுத்துவிட்டன. செதா ஆற்றின் கீழ்ப்பகுதியில் அமாகாசே அணை கட்டி முடிக்கப்பட்டதும் 1964இல்தான். இருக்கும் நல்ல கற்கள் பெரும்பாலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எடுத்தவர்களின் வீடுகளில் இருந்தவை. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பல வேளைகளில் அது வீட்டைக் காலி செய்யும்போது இடைஞ்சலாக நிற்கும் கனமான கல். சில கற்கள் அருங்காட்சியகங்களுக்குப் போகின்றன, சில ஏலத்தில் கொரியாவுக்கும் சீனத்துக்கும் போகின்றன. அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டுக்கு ஜப்பான் 1976இல் 53 போன்சாய் மரங்களோடு 6 கற்களையும் அனுப்பியது. அவை வாஷிங்டனில் தேசிய மரப்பூங்காவில் இருக்கின்றன. கலிபோர்னியாவில் குடியேறிய ஜப்பானியர்களின் வழியாக அங்குள்ள ஈல் ஆற்றின் கற்களுக்கும் பீடங்கள் கிடைத்தன.

பெட்டியில்லாமல் ஏலத்துக்கு வரும் கற்களைத்தான் நான் இப்போது அதிகம் கவனிக்கிறேன். ஆற்றின் பெயரை ஊகித்து, புதுப் பீடம் செய்து, புதுப் பெயர் சூட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள் வாங்கியவர்கள். தோக்கியோவின் உயேனோவில் நடக்கும் கண்காட்சியில் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் வைக்கும் சிறு அட்டையில் கல்லின் வகையும் பெயரும் இருக்கும். அடி வெட்டப்பட்டதா இல்லையா என்று அதே அட்டையில் ஒரு வரி சேர்க்கலாமே என்று ஏற்பாட்டாளர்களுள் ஒருவரிடம் ஒருமுறை கேட்டேன். பணிவாகத் தலையசைத்துவிட்டு, தண்ணீர் தெளிக்கும் நேரமாயிற்று என்று எழுந்து போனார். அடுத்த ஆண்டும் கேட்பதாக இருக்கிறேன்.